பல் டாக்டர் என்றால் பூச்சாண்டியா?

(குடும்ப நலம் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்திருப்பீர்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையைப் பல் டாக்டரிடம் அழைத்துச் செல்வதெல்லாம் ஒரு கருத்தரங்கில் பேச வேண்டிய விஷயமா என்று நினைத்திருப்பீர்கள். ஆனால், கிளினிக் வாசலில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும் பிள்ளையோடு அரை மணி நேரம் போராடிய எந்தத் தாயும் சிரித்திருக்க மாட்டார்.

கிள்ளானில் ஒரு குடும்பம். கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். மனைவிக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் கணவரின் தாயார். இரண்டரை வயதில் ஓர் ஆண் பிள்ளை. அவனை எல்லாரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த வீட்டில் நடந்தது இங்கே அமர்ந்திருக்கும் பலரின் வீட்டிலும் நடந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த தாய், அவன் தலையை அண்ணாந்து சிரித்தபோது ஒன்றைக் கவனித்தார். மேல் வரிசை முன்பற்கள் நான்கிலும், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீட்டியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. அவற்றில் ஒரு பல்லில் அந்தக் கோடு பழுப்பாகிச் சிறு பள்ளமும் விழுந்திருந்தது.

துண்டோடு பிள்ளையைத் தூக்கி வந்து மாமியாரிடம் காட்டினார்.

"பால் பல்லுதானேம்மா, விழுந்து முளைக்கப் போவுது. இதுக்குப் போயி பிள்ளைய டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போவாங்களா?" என்றார் பாட்டி.

விழப்போகும் பல்தானே?

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. பால் பற்கள் விழத்தான் போகின்றன. ஆனால் எப்போது?

பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்தில் முதல் பல் முளைக்கிறது. இரண்டரை, மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாயில் இருக்கும் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அதாவது, ஒரு பிள்ளை ஆரம்பப் பள்ளியை முடிக்கும் வரை அந்தப் பற்களால்தான் மென்று சாப்பிட வேண்டும்.

பால் பல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னால் வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாய்ப் பல்லைச் சொத்தையினால் காலத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். சொத்தை வேர் வரை இறங்கிச் சீழ் பிடித்தால், அதன் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் பாதிக்கப்படலாம்.

இன்னொரு செய்தியையும் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல், எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஓசையில்லாமல் வந்து நிற்கும். அதையும் பால் பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டவர்கள் பலர். வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய அந்தப் பல், பள்ளியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே சொத்தையாகிவிடுகிறது.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. மலேசியாவில் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வுகளில், ஐந்து வயதுப் பிள்ளைகள் 100 பேரில் பற்சொத்தை உள்ளவர்கள் 2005ஆம் ஆண்டில் சுமார் 76 பேர், 2015ஆம் ஆண்டில் சுமார் 71 பேர். பத்து ஆண்டுகளில் குறைந்தது ஐந்தே பேர். குடிநீரில் ஃபுளூரைடு சேர்க்க நம் அமைச்சரவை 1972ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் கொடுத்த நாடு இது. தண்ணீர் செய்ய வேண்டிய வேலையைச் செய்தாலும், நம் பால் பாட்டில் அதைத் தோற்கடித்துவிடுகிறது.

தோற்றுப்போன முதல் பயணம்

தாய் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் நேரம் வாங்கினார். கணவருக்கு அன்றுதான் ஓய்வு.

அன்று அந்த வீட்டில் நடந்த தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

தம்பி பகலில் தூங்கவில்லை. ஏழு மணிக்கு அவன் சிணுங்கிக்கொண்டிருந்தான். "எங்கே போறோம்?" என்று கேட்டவனுக்குத் தாய் சொன்ன பதில், "ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்." காரில் ஏறும்போது தகப்பனார் சொன்னது, "பயப்படாதடா, வலிக்கவே வலிக்காது." அதுவரை அவன் வலியைப் பற்றி நினைக்கவே இல்லை. போதாக்குறைக்கு, கடந்த ஆறு மாதங்களாகச் சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் பாட்டி சொல்லி வந்த வசனம் ஒன்று உண்டு. "வாயத் தொறக்கலேன்னா பல்லு டாக்டர்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன். அவரு பெரிய ஊசியா போடுவாரு."

கிளினிக் கதவைத் திறந்ததும் மருந்து வாசம். உள்ளே முகமூடி அணிந்த ஒரு மனிதர். தலைக்கு மேல் பெரிய விளக்கு. ஐஸ்கிரீமைக் காணோம். பாட்டி சொன்ன ஆள் இவர்தான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அவன் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து போய்விட்டார். தகப்பனார் இரண்டு கைகளையும் பிடித்தார். தாதி கால்களைப் பிடித்தார். தம்பி தாதியின் விரலைக் கடித்தான். "இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. அன்று முதல் தம்பி வீட்டில் பல் துலக்கவும் வாயைத் திறக்கவில்லை. தூரிகையைக் கண்டாலே உதட்டை இறுக மூடிக்கொண்டான். மருத்துவரிடம் போய்ப் பாதுகாப்பு தேடப்போன குடும்பம், இருந்த பாதுகாப்பையும் இழந்து திரும்பியது.

அன்று இரவு அந்த வீட்டில் சண்டை. "ராத்திரியில பாட்டில வாயில வெச்சுத் தூங்க வெச்சது யாரு? நீங்கதானே அத்தை?" என்று மருமகள் கேட்டுவிட்டார். "நீ வேலைக்குப் போயிட்டே. ராத்திரி பிள்ள அழுதா யாரு பாக்கறது? விடியக்காலை நாலு மணிக்கு லோரி எடுக்கறவன் தூங்க வேணாமா?" என்றார் மாமியார். இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

யார் மேல் குற்றம்?

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது சுலபமல்ல. இருவர் சொன்னதும் உண்மை.

மேல் முன்பற்களின் ஈறோரத்தில் வரும் வெள்ளைக் கோடு, பெரும்பாலும் இரவுப் பாட்டில் விட்டுச் செல்லும் முத்திரை. பகலில் எச்சில் சுரந்துகொண்டே இருக்கிறது. பற்களைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் இருக்கும் பாட்டிலிலிருந்து வடியும் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பித்துக்கொள்கின்றன. வாயில் இருக்கும் கிருமிகள் பாலிலும் சர்க்கரையிலும் உள்ள இனிப்பைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கத் தொடங்குவதன் முதல் அடையாளம்தான் வெள்ளைக் கோடு. அந்தக் கட்டத்தில் கவனித்தால் சொத்தை மேலும் போகாமல் நிறுத்த முடியும். பழுப்பாகிப் பள்ளம் விழுந்தபின் அடைக்க வேண்டியதாகிவிடும்.

பாலில் சீனி கலப்பது, பாட்டிலில் சாக்லெட் பானமோ சிரப் தண்ணீரோ ஊற்றுவது, சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பது, இவையெல்லாம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றவை. எவ்வளவு இனிப்பு என்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதே பல்லுக்கு முக்கியம். ஒரே தடவையில் சாப்பிட்டு முடித்த ஒரு கேக் துண்டைவிட, நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு உறிஞ்சும் ஒரு பாட்டில் அதிகக் கெடுதல் செய்யும்.

இவ்வளவையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம். ஆனால் அந்தப் பாட்டியை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஷிப்ட் வேலையும் லோரி வேலையும் உள்ள வீட்டில், இரவில் அழும் பிள்ளையின் வாயில் பாட்டிலை வைத்த கை அன்புள்ள கை. அந்தக் கைக்கு யாரும் உரிய நேரத்தில் விஷயத்தைச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

பாட்டி சொன்ன கதை

மூன்றாம் நாள் பாட்டியே பேச்சைத் தொடங்கினார். மருமகளுக்கு அதுவரை தெரியாத ஒரு கதையைச் சொன்னார்.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஒரு சிறிய தமிழ்ப் பள்ளி. பாட்டி அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் காலை பள்ளிக்கு ஒரு வேன் வந்தது. வெள்ளை உடையில் இரண்டு பல் மிஸ்ஸிகள் இறங்கினார்கள். வகுப்பறையின் ஓரத்தில் மடக்கு நாற்காலியை விரித்தார்கள். பெயர் கூப்பிடத் தொடங்கியதும் நாலைந்து பிள்ளைகள் சன்னல் வழியே குதித்துப் பால்மரக் காட்டுக்குள் ஓடினார்கள். அவர்களில் பாட்டியும் ஒருவர். சாயங்காலம் வரை மரத்தடியில் ஒளிந்திருந்தார். மறுநாள் அவருடைய தகப்பனார் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒரு பல்லைப் பிடுங்கினார்கள்.

"அன்னைக்கு எந்திரிச்சவதான். அதுக்கப்புறம் அந்த நாற்காலியில நான் உக்காரவே இல்ல" என்றார் பாட்டி. பல் வலி வந்தபோதெல்லாம் கிராம்பை வைத்துக் கடித்தார். தோட்டத்து டிரஸர் கொடுத்த மாத்திரையை விழுங்கினார். ஒவ்வொரு பல்லாக ஆடி விழுந்தது. அவருடைய மகன், அதாவது தம்பியின் தகப்பனார், முப்பத்தைந்து வயதாகியும் வலி தாங்க முடியாத இரண்டு தடவை மட்டுமே பல் டாக்டரிடம் போயிருக்கிறார். இரண்டு தடவையும் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஒரு சொத்து எப்படித் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது, பாருங்கள். தோட்டத்துப் பள்ளியில் ஒரு சிறுமிக்கு வந்த பயம், மகன் வழியாக, நேற்றுப் பிறந்த பேரனின் வாயை மூடிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பல் மிஸ்ஸிகள் கொடுமைக்காரர்கள் அல்லர். நியூசிலாந்தில் 1921ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் திட்டத்தைப் பின்பற்றி, 1949ஆம் ஆண்டில் பினாங்கில் இதற்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற பெண்கள் டாக்டர்கள் போக முடியாத தோட்டங்களுக்கும் கம்போங்களுக்கும் சென்று பிள்ளைகளின் பற்களைக் காப்பாற்றினார்கள். இன்று நம் பள்ளிகளில் பல் பரிசோதனை நடக்கிறதென்றால் அது அவர்கள் போட்ட பாதை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தப் பாட்டியைப் போன்ற பிள்ளைகளுக்குப் பல் மிஸ்ஸியைப் பார்த்த முதல் நாளே பல் பிடுங்கும் நாளாக அமைந்துவிட்டது. அங்கேதான் பிழை. முதல் சந்திப்பே வலியோடு நடந்தால், எந்தப் பிள்ளைதான் இரண்டாம் சந்திப்புக்கு வரும்?

அதனால்தான் உலகெங்கும் குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்: முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள், பிள்ளையை ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று. ஒரு வயதுப் பிள்ளைக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. அதுதான் அந்தப் பயணத்தின் நன்மையே. ஒன்றும் நடக்காத ஓர் இடமாக அந்த அறை பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும்.

பாட்டி உட்கார்ந்த நாற்காலி

மூன்று வாரம் கழித்து அவர்கள் அரசாங்கப் பல் கிளினிக் ஒன்றுக்குச் சென்றார்கள். இந்தத் தடவை காலை பத்து மணி. தம்பி நன்றாகத் தூங்கி எழுந்து, பசியாறி, கையில் தன் பொம்மை லோரியோடு வந்திருந்தான். முன்னாள் இரவே தாய் அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். "நாளைக்குப் பல் டாக்டரைப் பாக்கப் போறோம். அவங்க உன் பல்லை எண்ணுவாங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து தரையில் குந்தி உட்கார்ந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை, லோரியைப் பார்த்தார். "இந்த லோரிக்கு எத்தனை சக்கரம்?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை. ஆனால் அழவும் இல்லை.

உள்ளே போனதும் நாற்காலியைக் கண்டு அவன் பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டான். பாட்டிக்கும் நெஞ்சு படபடத்தது. டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். மெதுவாகப் பாட்டியிடம் மலாயில் கேட்டார்: "அம்மா, முதலில் நீங்கள் உட்காருகிறீர்களா? பேரன் பார்க்கட்டும்."

அறையில் இருந்த எல்லாரும் பாட்டியைப் பார்த்தார்கள். பாட்டி மருமகளைப் பார்த்தார். பிறகு பேரனைப் பார்த்தார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியை அவர் இறுகப் பிடித்திருந்ததை மருமகள் பார்த்தார். பக்கத்தில் போய் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியைத் தம்பியிடம் காட்டினார். அவன் கைவிரலில் அதை வைத்துத் தொட்டுக் காட்டினார். பிறகு அதைப் பாட்டியின் வாய்க்குள் வைத்து எண்ணத் தொடங்கினார். "ஒன்று... இரண்டு... மூன்று..." ஆறோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது.

"பாட்டிக்குப் பல்லே இல்ல!" என்றான் தம்பி.

அந்த அறையில் முதலில் சிரித்தவர் பாட்டிதான்.

முதலில் சொல், பிறகு காட்டு, அதன் பிறகு செய். குழந்தைப் பல் மருத்துவத்தில் இது புகழ்பெற்ற ஒரு முறை. அதற்குப் பிறகு டாக்டர் பெரிய நாற்காலியைப் பயன்படுத்தவே இல்லை. தாயும் டாக்டரும் இரண்டு சாதாரண நாற்காலிகளில் எதிரெதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தம்பி தாயைப் பார்த்தபடி, அவர் இடுப்பின் இரு பக்கமும் கால்களைப் போட்டு உட்கார்ந்தான். தாய் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்க்க, அவன் தலை டாக்டரின் மடிக்கு வந்தது. பிள்ளைக்குத் தாயின் முகம் தெரிகிறது. டாக்டருக்குப் பிள்ளையின் வாய் தெரிகிறது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நாற்காலி கிடையாது.

சாய்த்ததும் தம்பி அழுதான். ஆம், அழத்தான் செய்தான். அழும்போது வாய் நன்றாகத் திறந்தது. டாக்டர் ஒரு நிமிடத்தில் 20 பற்களையும் பார்த்துவிட்டார். சின்னத் தூரிகையால் ஃபுளூரைடு வார்னிஷைப் பற்களின் மேல் பூசினார். தூக்கி நிறுத்தியதும் அழுகை நின்றது. அன்று அவ்வளவுதான். ஊசி இல்லை, குடைதல் இல்லை.

பிள்ளை அழுதால் பயணம் தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டரை வயதுப் பிள்ளை முன்பின் தெரியாதவர் மடியில் அழாமல் படுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அழுகை எவ்வளவு சீக்கிரம் நின்றது, அடுத்த தடவை வர மறுக்கிறானா, இவை இரண்டும்தான் கணக்கு.

புறப்படும் முன் டாக்டர் மாமியார், மருமகள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். யார் பாட்டில் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. "இனிமேல் என்ன செய்யலாம்?" என்றுதான் கேட்டார். இரவுப் பாலில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்கச் சொன்னார். அந்த வேலையைப் பாட்டி ஏற்றுக்கொண்டார். இரண்டு வாரம் பிடித்தது. முதல் நான்கு இரவுகள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. தகப்பனார் இரண்டு இரவுகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாமான் முழுக்க நடந்தார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் சென்றபோது, பள்ளம் விழுந்த பல்லை டாக்டர் கைக்கருவியாலேயே மெல்லச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைத்தார். தம்பி பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதான். முடிந்ததும் லோரியை எடுத்துக்கொண்டு, "டாக்டருக்குப் பாய்பாய்" என்றான். அந்த அடைப்பு விழுந்தாலும் விழலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கதவு அவனுக்குத் திறந்துவிட்டது.

பெற்றோர் கவனத்துக்கு

இந்தக் குடும்பத்திடமிருந்து ஒவ்வொரு வீடும் எடுத்துக்கொள்ளக்கூடிய சில பாடங்கள் உண்டு.

முதலாவது, டாக்டரையும் ஊசியையும் மிரட்டலுக்குப் பயன்படுத்தாதீர்கள். சோறு ஊட்ட ஒரு பூச்சாண்டி தேவையென்றால் நிலாவைக் காட்டுங்கள், டாக்டரைக் காட்டாதீர்கள்.

இரண்டாவது, பொய் சொல்லி அழைத்துச் செல்லாதீர்கள். வலிக்காது என்றும் சொல்லாதீர்கள். பல்லை எண்ணுவார்கள், விளக்கு போட்டுப் பார்ப்பார்கள் என்று நடக்கப்போவதை மட்டும் சொல்லுங்கள். அடங்கி உட்கார்ந்தால் மிட்டாய் என்று பேரம் பேசாதீர்கள். பல் டாக்டரிடம் போனதற்கு மிட்டாய் பரிசு என்றால், போன காரியமே கெட்டுப்போகும்.

மூன்றாவது, வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். ஒரு கரண்டியின் பின்பக்கத்தைக் கண்ணாடியாக வைத்துப் பொம்மையின் பல்லை எண்ணட்டும். உங்கள் பல்லை அவன் எண்ணட்டும். பிறகு அவன் பல்லை நீங்கள் எண்ணுங்கள். மாதம் ஒரு தடவை மேல் உதட்டைத் தூக்கி ஈறோரத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

நான்காவது, பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கும் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அவனுக்குப் பிடித்த ஒரு பொருளைக் கொண்டு செல்லுங்கள். கூட வருபவர் பயப்படாதவராக இருக்கட்டும். உங்கள் கை நடுங்கினால், மடியில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாமல் போகாது.

ஐந்தாவது, முதல் பல் வந்த நாளிலிருந்தே காலையிலும் இரவு தூங்கும் முன்பும் நீங்களே துலக்கிவிடுங்கள். பிள்ளையின் தலையை உங்கள் மடியில் சாய்த்துக்கொண்டு துலக்குவது சுலபம். பற்பசையில் ஃபுளூரைடு இருக்க வேண்டும். டியூப்பில் 1,000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழச்சுவையும் படமும் இருந்தால் போதாது. மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பற்பசை. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

இன்னும் இரண்டு அவசரச் செய்திகள். பல் வலியோடு பிள்ளையின் கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விளையாடும்போது விழுந்து பால் பல் வேரோடு கழன்று வந்தால், அதைத் திரும்பப் பொருத்த முயலாதீர்கள். அடியில் இருக்கும் நிரந்தரப் பல் காயப்படும். பெரிய பிள்ளையின் நிரந்தரப் பல் கழன்று விழுந்தால் மட்டும், அதன் வேரைத் தொடாமல் எடுத்து, ஒரு குவளைப் பாலில் போட்டு, பல் டாக்டரிடம் ஓடுங்கள். அந்தப் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

பல பற்கள் சொத்தையாகி, பிள்ளையும் சிறியதாக இருந்தால், மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய வேண்டி வரலாம். அந்த அறையின் வாசலில் காத்திருக்கும் பெற்றோரின் மனம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாசல் வரை போகாமல் இருக்கத்தான், வலி வருமுன் ஒரு பயணம் வேண்டும் என்று இத்தனை நேரம் பேச வேண்டியிருக்கிறது.

நிறைவாக, அந்தக் கிள்ளான் குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒரே ஒரு செய்தி. இரண்டாம் தடவை அடைப்பு முடிந்து எல்லாரும் புறப்பட்டபோது பாட்டி மட்டும் வாசலில் நின்றுவிட்டார். திரும்பி டாக்டரிடம் தோட்டத்து மலாயில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எனக்கும் பல் கட்ட முடியுமா?"

அவர் இப்போது செயற்கைப் பல் செட்டுக்காக அளவு கொடுத்திருக்கிறார். அடுத்த முறை அவர் அங்கே போகும்போது துணைக்கு வரப்போவது யார் தெரியுமா? பாட்டி பயந்தால் கையைப் பிடித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கும் இரண்டரை வயதுத் தம்பிதான்.

பயத்தைக் கைமாற்றிக் கொடுக்க முடியுமென்றால், தைரியத்தையும் கைமாற்றிக் கொடுக்க முடியும். உங்கள் வீட்டில் எது கைமாறப் போகிறது என்பதை இன்று இரவு பிள்ளைக்குப் பல் துலக்கிவிடும்போது யோசித்துப் பாருங்கள்.